துணிக் குவியலில் எடுத்த போட்டோ

2008ஆம் வருடம். மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். பத்தொன்பது வயது. தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை பார்த்துத் தள்ளும் வேலை. கேமரா போன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் மேஜையில் யாரிடமும் கிடையாது.

மதியம் சாப்பிட்டதும் வேஸ்ட் துணிக் குவியலில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்வோம். புதுத்துணி வாசனையில் கிடைத்த அந்தத் தூக்கம் இன்று மெத்தையில்கூட வருவதில்லை. ஒருநாள், சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் சமயம், முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட். அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். வாய் பிளந்து, தலையெல்லாம் பஞ்சோடு கிடந்த என்னைக் கட்டிங்கில் வேலை பார்த்த ஒருவர் படமெடுத்து, ப்ளூடூத்தில் அனுப்பிவிட்டார்.

படம் அயர்னிங், பேக்கிங் தாண்டி பக்கத்துக் கம்பெனி வரை போய்விட்டது. வேனில் ஏறினால் யாராவது வாயைப் பிளந்து காட்டுவார்கள். ஒருவர் தன் ப்ளூடூத்துக்கே 'கும்பகர்ணி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. மதியம் எல்லாரும் சாயும்போது நான் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு விழித்திருப்பேன்.

பக்கத்தில் நின்று வேலை பார்த்த அக்காவுக்கு ஊர் தேனிப் பக்கம். அவரிடம் மட்டும், "நாளையிலிருந்து நான் வரலீங்கக்கா" என்றேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வரச்சொன்னார்.

மறுநாள் மதியம் செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் துணிக் குவியலில் வரிசையாகச் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டார்கள். அக்கா, படமெடுத்தவரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அவ ஒருத்தி மட்டுந்தான் தூங்குறாளா? எங்களையும் எடு. எடுத்து எல்லாருக்கும் அனுப்பு."

அவர் போனைத் தொடவே இல்லை. "தப்புத்தானுங்கக்கா" என்று முனகினார். என் கண்ணெதிரே படத்தை அழிக்கவைத்து, படம் கிடைத்தவர்களிடமெல்லாம் அவரையே அழைத்துப்போய் அழிக்கவைத்தார் அக்கா. எல்லாரிடமும் அழிந்ததா, தெரியாது. திரும்பி வந்த அக்கா குவியலில் சாய்ந்து, நகர்ந்து இடம்விட்டு, "இப்பப் படு" என்றார். அவர்களுக்கு நடுவில் படுத்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அக்கா எங்கிருக்கிறாரோ. போன மாதம் என் மகளின் வகுப்பு குரூப்பில் ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டுக் கிண்டல் செய்திருந்தார்கள். நீ சிரிக்கவில்லையே என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அது மட்டும் போதாது கண்ணு, அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார் என்றேன், ஏனென்றால் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது படத்தை அழித்தது அல்ல, எனக்காக அவர்கள் வந்து படுத்ததுதான்.