கான்ராட் போச்சு என்று சொன்ன மச்சான்

குருணில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயின் பெயரைக் கெடுத்தது என் மச்சான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் என் மனைவியின் அண்ணன், என்னைவிட நான்கு வயது மூத்தவர். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு மிக்சி முதல் விமானம் வரை எது நின்றாலும் காரணம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு நானும் கத்தினேன். என் தப்பை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கார் வாங்கியதிலிருந்து சொல்கிறேன்.

நான் சுங்கை லாலாங்கில் இருக்கிறேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். எஸ்டேட் எஸ்டேட்டாக நின்று ஆட்களை ஏற்றிக் கூலிமில் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். நாற்பத்து நான்கு பேர். ஒருத்தர் குளிருது என்பார், அவர் பக்கத்தில் இருப்பவர் புழுக்கம் என்பார். முன் சீட்டு அக்கா ஒருவர் தினமும் "தம்பி, பாட்ட மாத்து லா" என்பார். மாற்றினால் "மொதல்ல போட்டதே போடு" என்பார். பதினெட்டு வருஷம் இதைக் கேட்டவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் வரும். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாத வண்டி வேண்டும்.

அப்படி ஒரு வண்டி பாயின் கடைக்குப் பின்னால் கித்தான் போர்த்திக் கிடந்தது. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, இரண்டு கதவு. முன்விளக்குகள் உள்ளே படுத்திருக்கும், சுவிட்சைத் தட்டினால் எழுந்து விழிக்கும். இடது விளக்கு மட்டும் பாதிதான் எழும், பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிய பிள்ளை மாதிரி. மீசை கறுப்பாக இருந்த காலத்தில் பாய் அந்தக் காரில் சாய்ந்து நிற்கும் படம் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. காலையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போதெல்லாம் நான் அந்தப் படத்தைத்தான் பார்ப்பேன்.

ஒருநாள் பாயே பேச்சை எடுத்தார்.

"முட்டி போச்சு தம்பி. ஏறிடறேன். எறங்கறதுக்கு ரொட்டி போடறவன், தேத்தண்ணி கலக்கறவன் ரெண்டு பேரும் வந்து தூக்க வேண்டியிருக்கு. நீ வச்சுக்க."

குறைகளை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். "கண்ணாடி எறங்கும், ஏறாது. ஏர்கான் ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் குளிரும். லைட்டு நீயே பாத்துட்ட. எஞ்சின் மட்டும் சுத்தம். அதுல கோளாறு இருந்தா கடைக்கு வா. தனியாக் கூப்பிட்டுக் காதுல சொல்லாத. எல்லார் முன்னாடியும் கேளு. நான் பதில் சொல்றேன்."

பீடோங் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியான எஞ்சின். வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி வாசலில் நின்று எண்ணினாள். "ரெண்டு பிள்ளைங்க, நான் ஒருத்தி, ஓட்டறதுக்கு நீங்க. சீட்டு ரெண்டு. யாரை ரோட்டுல விட்டுட்டுப் போறதா உத்தேசம்?"

நான் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

அந்த ஞாயிறு எஸ்டேட் முனீஸ்வரன் கோயிலில் வண்டிக்குப் பூசை. எலுமிச்சம்பழம், தேங்காய், சுருட்டு, எல்லாவற்றையும் மச்சான்தான் கொண்டுவந்தார். பையில் மெழுகுவத்திகூட இருந்தது.

"மெழுகுவத்தி எதுக்கு மச்சான்?"

"காத்துல கற்பூரம் அணைஞ்சிடும் மாப்ள. எல்லாத்துக்கும் கேள்வி கேக்காத."

நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து வண்டியை ஏற்றினேன். மூன்று நசுங்கின. நான்காவது உருண்டு அடியில் போய்விட்டது. வண்டியின் வயிறு தரையோடு ஒட்டியிருந்ததால் யாராலும் கைவிட்டு எடுக்க முடியவில்லை. "சாமி எடுத்துக்கிச்சு" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். பிறகு எஞ்சினுக்கும் விபூதி பூச வேண்டும் என்று பானெட்டைத் திறந்தார். நான் பொங்கல் வாங்கப் போனேன். எனக்குப் பொங்கல் முக்கியம். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மறுநாள் சத்தம் வந்தது.

வண்டியை எடுக்கும்போது இல்லை. பத்து நிமிஷம் ஓடி எஞ்சின் சூடானதும் டக், டக், டக். ஆக்சிலேட்டரை மிதித்தால் டக்டக்டக்டக். யாரோ உள்ளே உட்கார்ந்து கதவைத் தட்டுவது மாதிரி. நிறுத்தி ஆறவைத்து மறுபடி எடுத்தால் சத்தமே இல்லை. மச்சானைக் கூப்பிட்டேன்.

அவர் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றோடு வந்தார். ஒரு முனையை எஞ்சினில் வைத்தார், மறு முனையைக் காதில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். தியானம் செய்கிறவர் மாதிரி வெகுநேரம் நின்றார். எனக்கே கும்பிடத் தோன்றியது.

"மாப்ள, கான்ராட் போச்சு."

"அப்படின்னா?"

"பிஸ்டனைப் புடிச்சிருக்கிற எலும்புன்னு வச்சுக்க. எலும்பு மூட்டு தேஞ்சுபோச்சு. எண்ணெய் கெட்டியா இருக்கிறப்பத் தட்டாது. சூடாகித் தண்ணியானாத் தட்டும். விக்கிறவனுக்கு இது தெரியும். கெட்டி எண்ணெயா ஊத்தி மறைச்சுட்டான். பாய் ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

எனக்குத் தலைக்கு ஏறியது. பாய்தான் சொன்னாரே, எல்லார் முன்னாடியும் கேள் என்று. அடுத்த ஞாயிறு காலை, கடையில் உட்கார இடமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மச்சானும் வந்தார். நடு மேசைக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்.

"பாய்! என்ன வண்டி வித்தீங்க? எஞ்சின் செத்த வண்டியச் சாயம் பூசி வித்தீங்களா?"

பாய் மீன் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார். "என்ன சத்தம் தம்பி? எங்கிட்ட இருந்தப்ப சத்தமே இல்லையே?"

நான் பதில் சொல்வதற்குள் மச்சான் முன்னால் வந்தார். சீருடைச் சட்டையோடு வந்திருந்தார். வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். "நான் டெஸ்ட் பண்ணிட்டேன் பாய். மெஷின் என் தொழில். கான்ராட் போச்சு. சூடானாத் தட்டுது. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் வித்திருக்கீங்க."

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "வண்டிய விட்டுட்டுப் போ தம்பி. பணத்த எடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் வண்டியை விடவில்லை. எனக்கு அந்த வண்டி வேண்டும். அந்தச் சத்தம்தான் வேண்டாம்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்ததை என் பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்னார்கள். ஒருத்தன் மீன் துண்டைத் தொட்டுப் பார்த்து, "பாய், இது சூடானாத் தட்டுமா?" என்று கேட்டானாம். இன்னொருத்தன் ரொட்டியைக் காதில் வைத்துக் கேட்டானாம். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, கல்லாவுக்குப் பின்னால் இருந்த அந்தப் படத்தைப் பாய் கழற்றிவிட்டார் என்று முன் சீட்டு அக்கா சொன்னார். அன்றைக்கு அவர் பாட்டை மாற்றச் சொல்லவில்லை.

வேறு யாராவது ஒருத்தர் பார்க்கட்டும் என்று கடைசியில் பீடோங்கில் ஒரு போமனிடம் போனேன். மெக்கானிக்கை இங்கே போமன் என்றுதான் சொல்வோம். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்துதான் பட்டறை திறப்பார். அதிகம் பேசமாட்டார்.

எண்ணெயைக் கொஞ்சம் வடித்து, விரலில் தொட்டு வெயிலில் பார்த்தார். இரும்புத்தூள் இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஓட்டினார். சத்தம் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்.

"அண்ணே, கான்ராட்டா இருந்தா, எந்த சிலிண்டர்ல போச்சோ அதோட வயரக் கழட்டினதும் சத்தம் அடங்கும். இது நாலுக்கும் அடங்கல. யாரு சொன்னது கான்ராட்டுன்னு?"

"மச்சான். பேக்டரியில மெஷின் பாக்கிறாரு."

"பாத்துட்டே இருக்கட்டும். எப்ப ஆரம்பிச்சது இது?"

"கோயில்ல பூசை போட்ட மறுநாளு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குச்சியில் கட்டிய கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தார். எஞ்சினுக்குப் பின்பக்கம், கை மட்டும் நுழையும் இருட்டில் வெகுநேரம் துழாவினார்.

"அண்ணே, எண்ணெய் ஒழுகற வண்டி பாத்திருக்கேன். தண்ணி ஒழுகற வண்டி பாத்திருக்கேன். ஒங்க வண்டியில மெழுகு ஒழுகுது."

எஞ்சினைத் தாங்கும் இரும்பில் ஒரு குழி. குழி நிறைய மெழுகு. ஆறியதும் சுரண்டி எடுத்தார். உள்ளே விரல் மொத்தத்தில் மஞ்சள் கயிறு சுற்றிய பித்தளைத் தாயத்து. எஞ்சின் சூடானால் மெழுகு இளகும், தாயத்து ஆடி இரும்பில் தட்டும். ஆறினால் மெழுகு இறுகும், சத்தம் போகும்.

"எங்க கோயில்லயே இத்தன மெழுகுவத்தி ஏத்துறோம்" என்றார் போமன். "ஒண்ணக்கூட எஞ்சினுக்குள்ள ஏத்தினதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்வினை! பாய் செய்வினை வைத்துத்தான் வண்டியை என் தலையில் கட்டியிருக்கிறார்! என் புத்தி அப்போது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டேன். கையெல்லாம் மெழுகு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான்! பாய் செய்வினை வச்சுட்டான்! எஞ்சின் பக்கத்துல தாயத்து, மஞ்சக் கயிறு, மெழுகு ஊத்தி…"

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான்?"

"மாப்ள. அதத் தொடாத."

"தொட்டாச்சு. கையில வச்சிருக்கேன்."

"ஐயையோ! நாப்பத்தெட்டு நாளைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கே லா!"

போமன் பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு சிரிக்க அவரால் முடியவில்லை.

சாயங்காலம் மனைவி தன் அண்ணனை நிற்கவைத்துக் கேட்டாள். அவர் சொன்னார்: "நீ ஒக்காந்து போற வண்டிம்மா அது. தரையில பாய் போட்டு ஒக்காந்த மாதிரி இருக்கு. லாரிக்கு அடியில பூந்துடுமோன்னு பயம். சாமியார் ஒருத்தருதான் தாயத்து குடுத்தாரு. ஒரு மண்டலம் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது, தொறந்தாப் பலிக்காதுன்னு சொன்னாரு."

தங்கச்சி மேல் இருக்கும் பாசம். அதற்காக நான் அவரைத் திட்டவில்லை. தாயத்து வைத்ததற்காகவும் திட்டவில்லை. வாயைத் திறக்கக் கூடாத மனிதர், பாயைத் திருடன் என்று சொல்ல மட்டும் எப்படித் திறந்தார்? அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு, தேத்தண்ணி கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றில் தாயத்தைப் போட்டுக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். அதே நடு மேசைக்குப் பக்கத்தில் நின்று, அதே அளவு சத்தமாக, "பாய் வித்த வண்டியில ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது" என்றேன். பையைத் தூக்கியும் காட்டினேன்.

யாரும் நம்பவில்லை. "பாய் கவனிச்சுட்டார் போல" என்றான் ஒருத்தன். "எத்தன மாசத்துக்கு ரொட்டி ஓசி?" என்றான் இன்னொருத்தன். "மெஷின் தெரிஞ்சவரே டெஸ்ட் பண்ணிச் சொன்னாரே, இவருக்கு என்ன தெரியும், பஸ் ஓட்டறவரு" என்றார் ஒரு பெரியவர்.

பாய் என்னை உட்காரச் சொல்லித் தண்ணி வைத்தார். "ஒன்ன மன்னிச்சுட்டேன் தம்பி. நீ கத்தினதை யாரும் பெருசா எடுத்துக்கல. நீ எப்பவும் கத்தறவன். ஒன் மச்சான் அமைதியாச் சொன்னாரு பாரு, அதத்தான் நம்பினாங்க. இப்பக்கூட சால்னா ஊத்தறப்ப என் மொகத்த மொகத்தப் பாக்கறாங்க. சொன்னவர் வந்து சொல்லட்டும். அது வரைக்கும் இந்தப் பேச்ச விடு."

ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. படம் இல்லை.

மச்சானிடம் சொன்னேன். மண்டலம் முடியட்டும் என்றார். முடிந்தது. வேலை அதிகம் என்றார். பிறகு, சாமி விஷயத்தைச் சாப்பாட்டுக் கடையில் பேசக் கூடாது என்றார். ஆகையால்தான் இதை எழுதுகிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது, சத்தமே இல்லை. எனக்குத்தான் அதில் குருண் பக்கம் போக வெட்கமாக இருக்கிறது.

மச்சான், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினீர்களே, முந்தின ஞாயிறுதான் உங்கள் கையாலேயே அங்கே ஒரு பித்தளைத் தாயத்தை வைத்தது அப்போது உங்கள் நினைவுக்கு வந்ததா, வரவில்லையா? வரவில்லை என்றால் உங்களுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. வந்தது என்றால், தெரிந்தே ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னீர்கள். எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். வருகிற ஞாயிறு காலை, கடை நிறைந்திருக்கும் நேரத்தில், அந்த நடு மேசைக்குப் பக்கத்தில் நின்று, ரொட்டி போடுகிறவன் காதிலும் விழும்படி சொல்லுங்கள். வரும்போது அந்தச் சீருடைச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள்.