பளபளக்கும் சைலன்ஸர்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், குளியலறைக் குழாய் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே வரிசையாக மாட்டியிருக்கும் எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. துடைத்துப் பளபளவென்று வைப்பதுதான் அவருக்கு வேலை. அந்தப் புத்தியோடுதான், பல வருடம் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய பைக்கை வாங்கிவந்தார்.

வந்த நாளிலிருந்து தேய்ப்புதான். சைலன்ஸரை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்தார். புது பேட்டரி, புது பிளக், புது பெட்ரோல் எல்லாம் போட்டார். உதைத்து உதைத்து முட்டி வீங்கியதுதான் மிச்சம். வண்டி முனகக்கூட இல்லை.

"வித்தவன் என் தலையில கட்டிட்டான் மச்சான்! சுத்த ஃபிராடு!" என்று என்னிடம் குதித்தார்.

நேற்று நான் போயிருந்தபோதும் உதைத்துக்கொண்டிருந்தார். வாசல் பெருக்க வந்த தங்கை குனிந்து, சைலன்ஸர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு ஒரு துணியை இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழு பனியன்! எலி புகாமல் இருக்க, வண்டியின் பழைய சொந்தக்காரர் அடைத்து வைத்தது.

"இது என்னங்க?"

"அதுவா? தேய்க்கும்போதே பாத்தேன். கம்பெனியிலயே வச்சதுன்னு நெனச்சேன்."

அடுத்த உதைக்கே வண்டி உறுமியது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா மச்சான், நம்ம கை பட்டா எதுவும் ஓடும்!"

சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த பனியனைப் பிடுங்கிச் சைலன்ஸரைத் துடைக்க உட்கார்ந்தார்.