செல்வியின் ஒரே நாணயம்

வளையல்களைக் கழற்றி வைத்து, கழுத்துச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்ட பிறகுதான் செந்தமிழ்ச்செல்வி டிவி முன்னால் உட்காருவாள். பக்கத்தில் இருக்கும் கணவர் அறிவுச்செல்வன் கையில் ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலரைத் திணிப்பாள். "நாணயம் ஒண்ணுதான். மூணு உயிரும் போச்சின்னா போச்சி. சரிங்களா?" அவர் தலையாட்டுவார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருபது வருடமாக எதிலும் இடிக்காத மனிதர், இந்த ஆட்டத்தில் மட்டும் சுவரைப் பார்த்துக் குத்திக்கொண்டிருப்பார்.

செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. பகலில் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே, பத்திரம் எழுதும் கடையில் டைப்பிங் வேலை. ஒரு நிலத்தின் நான்கு எல்லைகளையும் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே அடித்து முடிப்பாள். "தப்பு வந்துடப் போவுது, செல்வி" என்று யாராவது சொன்னால், "வந்தா எடுத்துக்கினு வாங்க, பாக்கலாம்" என்பாள். ஆறு வருடமாக யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

இந்தத் தெனாவட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளர்ந்தது. தொண்ணூறுகளில் அவள் அப்பா அங்கே மூன்று வீடியோ கேம் மிஷின் வைத்திருந்தார். இருவர் ஜோடி சேர்ந்து ரவுடிகளை அடித்துக்கொண்டே நடந்து போகும் ஆட்டத்துக்குத்தான் கிராக்கி. தனியாக வரும் பையனுக்கு ஜோடி, பள்ளி விட்டு வந்த செல்வி. ஐந்தாம் கட்டம் வந்ததும் கல்லாவிலிருந்து அப்பா இருமுவார். உடனே அவள் வேண்டுமென்றே அடி வாங்கிச் சாக வேண்டும். தனியே மாட்டிக்கொண்ட பையன் பதறிப்போய் இன்னொரு நாணயம் போடுவான். "கடைசி வில்லன நான் ஒரு அடி அடிச்சதில்லிங்க. ஓரமா நின்னுகினு கண்டவனும் ஜெயிக்கிறத வேடிக்க பாத்தேன்" என்று சொல்லும்போது இன்றைக்கும் அவளுக்குக் கோபம் வரும்.

சென்னையில் படிக்கும் மகள் தனுஷா போன தீபாவளிக்கு, அந்தக் காலத்து ஆட்டங்கள் பத்தைச் சேர்த்த புதுத் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தாள். அதில் நாணயத்துக்கு ஒரு பொத்தான். அமுக்க அமுக்க உயிர் வரும். அந்த ஜோடி ஆட்டத்தை மகள் ஒரே மாலையில் முடித்துக் காட்டினாள். செல்வி உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா? ஒரே நாணயத்துல நான் முடிக்கலன்னா என் பேர மாத்திக்கிறேன்." அப்படியானால் தனியாக ஆடு, அப்பா வீண்சுமை என்றாள் மகள். "இன்னாடி பேசற? ஜோடி ஆட்டத்த ஜோடியாத்தான் ஆடணும்."

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு ஆட்டம். கத்தி வீசுகிறவனுக்கு 'புரோக்கர்' என்றும் தொந்தி ரவுடிக்கு 'மாமூல்' என்றும் பெயர் வைத்திருக்கிறாள். வெளியில் கணவரிடம் மரியாதை குறையாமல் பேசுகிறவள், ஆட்டத்தில் மட்டும் வாய் தவறிவிடுவாள். "யோவ், என்ன ஏன்யா குத்துற? நான் உன் பொண்டாட்டி!" தன் ஜோடி மேலும் அடி விழும் ஆட்டம் அது. அதை நிறுத்தத் தொகுப்பில் வழி உண்டு, அவள் ஒப்பவில்லை. "அடி வுழும்னு இருந்தாதான் பக்கத்துல ஒரு ஆள் இருக்குதுன்னு ஞாபகம் இருக்கும்."

போன ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகக் கடைசி வில்லன் வரைக்கும் இருவரும் போய்விட்டார்கள். அங்கே அறிவுச்செல்வனின் மூன்றாவது உயிரும் போயிற்று. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, "நீ அடி செல்வி, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்று தள்ளி உட்கார்ந்தார்.

வில்லனுக்கு இன்னும் இரண்டே குத்து. செல்விக்குப் பாதி உயிர் மிச்சம். முப்பது வருட ஆசை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. திரையின் ஓரத்தில், இன்னொரு நாணயம் போட்டு அவர் திரும்பி வருவதற்கான கெடு எண்களாக இறங்கியது. ஐந்து. நான்கு. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஓரமாகக் கைகட்டி உட்கார்ந்து, அவள் ஜெயிக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், எழுந்து வாய்யா" என்றவள், வில்லனை அப்படியே விட்டுவிட்டுக் கையை நீட்டி, அவர் மடியில் கிடந்த கன்ட்ரோலரின் நாணயப் பொத்தானை அமுக்கினாள்.