கடல் தண்ணீரில் பிசைந்த அம்மன்

எனக்குக் கைவேலை வராது. இது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

எங்கள் பூஜை அலமாரியிலிருந்த மாரியம்மன் படத்தில், கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பிடித்து அம்மன் முகம் தெரியாமல் போய்விட்டது. போர்ட் பிளேர் ஈரத்துக்கு எதுதான் தப்பும்? மெயின்லேண்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொன்னால் வேறு படம் வந்திருக்கும். ஆனால் அந்த வாரம் பார்த்து செல்போனில் ஓர் அம்மா, களிமண்ணில் அம்மன் முகம் செய்வதைப் பதினொரு நிமிடத்தில் காட்டிவிட்டார். பதினொரு நிமிட வேலைக்கா ஒரு படத்தைக் கப்பல் ஏற்ற வேண்டும் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மண் கிடைத்தது. தண்ணீர்தான் பிரச்சினை. கோடையில் எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வரும். குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுக்கக்கூட மனசு வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். எதிரேதான் கடல். லட்சுமியே சமுத்திரத்தில் பிறந்தவள், மாரியம்மன் மட்டும் கோபித்துக்கொள்வாளா என்று எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டேன். சௌகரியத்துக்கு சாஸ்திரம் பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் தீவில் ஆள் கிடையாது.

பதினொரு நிமிடம் நான்கு நாளானது. மூக்கு இரண்டு முறை விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், டிக்கெட் கொடுக்கும் வேலை. வந்து நின்று உற்றுப் பார்த்தார்.

"ஏய், ஒரு கண்ணு நம்மளப் பாக்குது. இன்னொண்ணு ஜெட்டியப் பாக்குதே?"

"உங்களையும் கவனிக்க ஆள் வேணும்ல" என்றேன். வேலை கோணலாக இருந்தாலும் வாய் மட்டும் நேராக இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பழைய தோட்டுக் கல் ஒன்றை மூக்குத்தியாகப் பதித்து, அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அம்மன் கன்னத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். பூ கொடுக்க வந்த மாடிவீட்டு வங்காளி ஆன்ட்டிதான் முதலில் பார்த்தது. "மா ரோ ரஹி ஹை!" என்று கத்திவிட்டாள். அம்மா அழுகிறாளாம். மத்தியானத்துக்குள் குவார்ட்டர்ஸே எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியது.

எனக்குக் காரணம் தெரியும். மழை வந்தால் உப்பு ஜாடி கசிவதை அன்றாடம் பார்க்கிறவள்தானே? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "உங்க கையில அம்மாவே வந்து உக்காந்துட்டா" என்று யாரோ சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் பட்டுப்புடவை வேறு கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

மூன்றாம் நாள், கீழ்வீட்டுக் கதவில் தொங்கிய பால் பாக்கெட் பத்து மணிக்கும் அப்படியே இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். புருஷனுக்குக் கார் நிக்கோபாரில் வேலை, அவள் தனியாக இருந்தாள். போன வருஷம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. கதவைத் தட்டினேன். முகம் வீங்கிப்போய் வந்து நின்றாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ரெண்டு நாளா எறங்கலக்கா. மாரியம்மா எனக்காகத்தான் அழுவுறா. போன தடவ மாதிரியே ஆகப்போவுதுன்னு சொல்றா."

அடிப்பாவி, பட்டுப்புடவைக்கு ஆசைப்பட்டு என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"இது அழுகையே இல்லம்மா. நான் கடல் தண்ணில மண்ணப் பெசஞ்சேன். அந்த உப்புதான் கசியுது." அவள் நம்பவில்லை. அம்மன் கன்னத்தை விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தேன். "பாரு, உப்பு!"

"கண்ணீரும் உப்புத்தானேக்கா?" என்றாள்.

பின்கட்டுக்கு ஓடி, மிச்ச மண் கிடந்த வாளியைத் தூக்கி வந்தேன். அதன் மேலும் முத்து முத்தாக நீர். "பாரு, இதுக்குக் கண்ணு ஏது, மூக்கு ஏது? இதுவும்தான் கசியுது."

வாசலில் நின்ற வங்காளி ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "சமுந்தர் கா பானி? பாகல் ஹை க்யா?" கடல் தண்ணீரா, பைத்தியமா என்று கேட்டாள். ஆமாம், பைத்தியம்தான். மூன்று நாள் மவுசு அந்த நிமிஷத்தோடு போயிற்று.

பெண் வாளியையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்கக்கா."

அம்மன் முன்னால் தட்டில் சூடம் ஏற்றினேன். "சத்தியமா இது உப்புத் தண்ணிதான்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். நன்றாகச் சுட்டது.

அவள் நகரவில்லை. இன்னொரு சூடத்தை எடுத்து அவளே ஏற்றினாள். "எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் அடிங்க."

உப்பைப் பற்றி எனக்குத் தெரியும். இது எனக்கு எப்படித் தெரியும்? பொய் சத்தியம் என்றால் யார் தலையில் விடியும்? வெறும் மண், வெறும் உப்பு என்று இப்போதுதான் சத்தியம் செய்திருந்தேன். அந்த மண்ணையே நிமிர்ந்து பார்த்து, தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், இவள் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அத்தனை வருஷத்தில் நான் உண்மையாகக் கும்பிட்டது அப்போதுதான்.

"ஒண்ணும் ஆகாது" என்று ஓங்கி அடித்தேன்.

அவள் என் கையைத் திருப்பி, சிவந்த இடத்தில் ஊதினாள். பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள்.