அத்தை கிழித்த கடைசிப் பக்கங்கள்

சிறுவயதில் எனக்கு உண்மை பேசுகிற வியாதி இருந்தது. யார் எதை மறைத்தாலும் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அது எனக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஆடி மாதத்தில் அத்தை வந்து தங்கியபோதுதான் அந்த வியாதிக்குச் சோதனை வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வைகாசியில் கல்யாணமாகி மயிலாடுதுறைக்குப் போனவள். ஆடி பிறந்ததும் அவளையும் மாமாவையும் பாபநாசத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து, விருந்து போட்டு, மாமாவை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாதாம். ஏன் என்று கேட்டேன். அம்மா என்னைக் கறிவேப்பிலை பறித்துவரச் சொன்னாள்.

அத்தை ஒரு கட்டைப்பை நிறைய மாத நாவல்கள் கொண்டுவந்திருந்தாள். கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடையில் மொத்தமாக வாங்கியவை. அட்டையில் பூ இருந்தால் காதல், கத்தி இருந்தால் கொலை. அப்பா நாற்றங்காலைப் பார்க்கப் போனதும் சமையற்கட்டு வாசலில் தலையணையைப் போட்டுச் சாய்ந்துகொண்டு அத்தை சத்தமாகப் படிப்பாள், அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்பாள். கொலைக்கு நானும் உட்காரலாம். காதல் வந்தால் எனக்கு உடனே கறிவேப்பிலை வேலை வந்துவிடும். அந்த மாதம் எங்கள் கறிவேப்பிலை மரம் மொட்டையாகிப் போனது.

எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் கூடத்து ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும். கையில் எடுத்தால் போய்விடும். ஆகவே போனை ஜன்னல் கட்டையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் எல்லாரும் பேசுவோம். மாமா தினமும் விளக்கு வைத்ததும் கூப்பிடுவார்.

"டீ குடிச்சியா?"

"குடிச்சேன். நீங்க?"

"ம்."

அதற்குப் பிறகு ஜன்னலில் ஆடிக்காற்றின் சத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்து "வச்சிடவா?" என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் நாவலை மூடி வைத்துவிட்டு அத்தை அம்மாவிடம் சொன்னாள்: "ரெண்டு வார்த்தைக்கு மேல பேச வரலையே அண்ணி அவருக்கு. காலம் பூரா இப்படியே எப்படி ஓட்டுறது? திரும்பிப் போகணும்னே தோணலை எனக்கு." அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைக் கறிவேப்பிலைக்கு அனுப்பக்கூட மறந்துவிட்டாள். எனக்கும் அழுகை முட்டியது.

மறுநாள் அத்தை கத்தி போட்ட நாவல் ஒன்றை முடித்தாள். முடித்த கையோடு அதன் கடைசி நாலு பக்கங்களை ஓரம் பிசகாமல் கிழித்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள்.

"ஏன் அத்தை கிழிக்கிற?"

"அச்சுல தப்புடி."

அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்துப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. ஊட்டி பங்களாவில் நடந்த கொலையைச் செய்தவர் டாக்டர்.

அன்று சாயங்காலம் ஜன்னலில் அத்தையின் குரல் புதிதாக ஒலித்தது. "ஒரு நாவல்ல கடைசிப் பக்கமே இல்லைங்க. கொலைகாரன் யாருன்னு தெரியாம மண்டை காயுது." மாமா கதையைக் கேட்டார். அத்தை முதலிலிருந்து சொன்னாள். நடுவில் நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "மாமாகிட்ட சொன்னே, ஜென்மத்துக்கும் உன்கூட பேச மாட்டேன்" என்று காதோடு சொன்னாள். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டு கடையில கிடைக்குதான்னு பாக்குறேன்" என்றார் மாமா.

மறுநாள் புத்தகம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். கொலை செய்தது தோட்டக்காரனாம். ரோஜாச் செடிக்கு வந்த யூரியா மூட்டைக்குள் கத்தியை ஒளித்துவைத்தானாம். மூட்டையின் தையல் மாறியிருந்ததை வைத்து இன்ஸ்பெக்டர் பிடித்துவிட்டாராம். மாமாவுக்கு உரக்கடையில் வேலை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அப்படிங்களா? நான் டாக்டர்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

நான் ஆடிப் போனேன். புத்தகம் கிடைக்கவே இல்லை, அவர் சொந்தமாக அளக்கிறார். அது அத்தைக்கும் தெரிகிறது. தெரிந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு எந்த நாவலுக்கும் கடைசிப் பக்கம் தங்கவில்லை. மாமாவின் கொலைகாரர்கள் பூச்சிமருந்து டப்பாவிலும் தராசுத் தட்டிலும் வரிசையாக மாட்டிக்கொண்டார்கள். முதலில் முகம் சுளித்த அப்பா டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாப்பிள்ளை, அந்தத் தராசு விஷயம்தான் கொஞ்சம் நம்புற மாதிரி இல்லீங்க" என்று வாதம் செய்தார். வீடே அமர்க்களப்பட்டது. உண்மை தெரிந்த நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் பூ போட்ட நாவல். காதலர்கள் கோபித்துக்கொண்டு பிரிந்தது வரை அத்தை சொல்லியிருந்தாள். மறுநாள் முடிவைச் சொல்ல மாமா ரொம்பத் தயங்கினார்.

"அவனுக்குக் கோவம் இல்லியாம். பேச வராதாம், அவ்வளவுதான். அவ ஊருக்குப் போனதுலேருந்து வீடு வீடா இல்லியாம். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தெனம் போன் பண்ணி டீ குடிச்சியான்னு கேட்டுக்கிட்டே இருந்தானாம்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படின்னு எழுதியிருக்கு" என்றார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். இலையே இல்லாத மரத்தடிக்கு நானே போய் நின்றேன். அந்தக் கடைசிப் பக்கங்களை நான் படித்திருந்தேன். காதலன் சிங்கப்பூர் போய்ப் பணக்காரனாகத் திரும்புகிறான், டீ என்ற பேச்சே இல்லை. திரும்பி வந்தபோது அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. இப்படிப் பச்சைப் பொய்க்கு எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆவணி பிறந்ததும் மாமா அழைத்துப் போக வந்தார். கொல்லையில் அவர் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கொலை பண்ணது தோட்டக்காரன் இல்ல மாமா. டாக்டர்."

மாமாவின் கையில் செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. "அத்தைக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கிழிச்சதே அத்தைதான். எல்லாக் கதையும் பொய்ன்னு தெரியும்."

"அந்த டீ கதை?"

"அதுவும்தான்."

மாமாவின் காது இரண்டும் சிவந்தன. இனி பெரிய சண்டைதான், அத்தை போகவே மாட்டாள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்து வீட்டுக்குள் ஓடத் திரும்பினேன். ஆனால் அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "நீ எங்கிட்ட சொன்னதை அத்தைகிட்ட சொல்லிடாத பாப்பா" என்றார்.

சாயங்காலம் எல்லாருமாக பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அத்தையின் கையில் கட்டைப்பை. "இன்னும் ஒரு கதைக்கு முடிவு பாக்கி இருக்குங்க" என்றாள். மாமா ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு ஆரம்பித்தார். அந்தக் கதையில் காணாமல் போன வைர மாலை எங்கேயும் போகவில்லையாம், வேப்பம்புண்ணாக்கு மூட்டைக்குள்ளேதான் இருந்ததாம். அத்தை கன்னத்தில் கை வைத்து, கண்ணை அகல விரித்து, "அப்புறம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். பஸ் வந்து, ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள், எங்களுக்குக் கைகாட்டக்கூடத் திரும்பவில்லை. அவர் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று இப்போது அவருக்கும் தெரியும். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பதற்கு அதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தபடியே, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.