ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலைக்கு நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம். கம்பி வாங்கும் கம்பெனி புது நிபந்தனை போட்டது. ஒவ்வொரு லாரியின் எடையையும் வெப் சர்வீஸ் வழியாக அவர்கள் கணினிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஓர் எண் திரும்பி வந்தால்தான் லாரி கேட்டைத் தாண்டலாம். அத்திப்பட்டு போக வேண்டிய முதல் லாரி மாலைக்குள் கிளம்பாவிட்டால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கூடவே என் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

இதற்காக, புரோகிராம் எழுத ஆயத்த அடித்தளமாக உதவும் இரண்டு ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். பழையது எதற்கெடுத்தாலும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும். புதியதில் நாலு வரி எழுதினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் சோம்பேறி, புதியதையே எடுத்தேன். திருநின்றவூரில் என் வீட்டுக் கணினியில் ஜம்மென்று ஓடியது, ஆலையின் சர்வரில் ஏற்றியதும் படுத்துக்கொண்டது.

அந்த ஆலையில் ஒரு பழக்கம். ஸ்பேனரோ கயிறோ, எல்லாருக்கும் பொதுவாக ஒரே கொட்டகையில் கிடக்கும். புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளையும் அப்படியே சர்வரின் பொது ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தார்கள். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையின் புரோகிராமுக்கான பழைய லைப்ரரி அங்கே இருந்தது. என் ஃபிரேம்வொர்க்குக்கு வேண்டியதோ அதே பெயரில் வந்த புதிய பதிப்பு. சர்வர் முதலில் கண்ணில் பட்ட பழையதையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன், எடைமேடை நின்றது. திரும்பப் போட்டேன், என்னுடையது நின்றது.

லாரி டிரைவர் ஜன்னலருகே வந்தார். "இன்னா மேடம், காலைலர்ந்து குந்திக்கினு கீறேன். நம்பர் வருமா, வராதா?"

அவரவர் சாமான் அவரவரிடமே இருந்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. பொது ஃபோல்டரைக் காலி செய்தேன். எடைமேடைக்குப் பழையதை அதன் ஃபோல்டரிலும், என் புரோகிராமுக்குப் புதியதை அதன் ஃபோல்டரிலும் வைத்து சர்வரை மறுபடி கிளப்பினேன். ஒரே பெயர் கொண்ட இரண்டும் ஒரே சர்வரில் ஒன்றையொன்று அறியாமல் ஓடின. அதை வாய் பிளந்து பார்த்தேன்.

எடையை அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் எண் வந்து நின்றது. எந்த ஊரில், எந்த அறையில் இருக்கும் கணினி அது என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே ஒரு லாரி காத்திருப்பதைக் கேட்டுப் பதில் சொல்லியிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அச்சடித்த சீட்டை நீட்டினேன். இது எங்கிருந்து வருகிறது என்று டிரைவர் கேட்டார். தெரியலைண்ணா என்றேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். லாரி கேட்டைத் தாண்டியதும், திரையில் இருந்த அந்த எண்ணைத் தொட்டு நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.