வாய் திறக்காமல் வாங்கிய லொறி

கோயம்புத்தூரில் நான் தேநீர் குடிக்கும் கடையில் என்னைச் சேட்டா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் பால் விடாத தேநீருக்கு "ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேரளாவா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், பேசாமல் தலையை ஆட்டிவிட்டேன். தமிழ் பேசும் ஊருக்கு வந்து, தமிழைப் பேசியே மலையாளியாகிவிட்டேன் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் தலையாட்டியது பயத்தில். இங்கே ஒரு பெரிய தலைவர் குண்டுக்குப் பலியாகி, அந்தப் பழி கடல் கடந்து அகதிகளாக வந்த எங்கள் எல்லோருடைய பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. முகாமுக்கு வெளியே தங்கி, மாதம் ஒருமுறை பொலிஸ் ஸ்டேசனில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த எனக்கு மலையாளியாக இருப்பது வசதியாகவே இருந்தது.

வேலை உக்கடத்தில், காதர் பாயின் பட்டறையில். பாய் பைபரில் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். நான் வடமராட்சியில் வள்ளம் கட்டியவன் என்று தெரிந்ததும், அணைகளில் உல்லாசப் படகு விடுகிறவர்களிடம் ஆர்டர் பிடிக்கத் தொடங்கினார். வருடத்துக்கு ஐந்தாறு படகுதான். வாடகை லொறியில் ஏற்றி அனுப்பியதில் இரண்டு, வழியிலேயே விளிம்பு உடைந்து திரும்பி வந்தன. சொந்தமாக ஒரு டிரெய்லர் அடித்து, அதை இழுக்கக் கைக்கு அடக்கமான பழைய வண்டி ஒன்று வாங்கிவிடுவோம், படகு இல்லாத நாளில் தொட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்று பாய் முடிவெடுத்தார். "வண்டி பாக்கறது உன் பொறுப்பு தம்பி. படகோட வெயிட்டு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

படகை இழுக்கும் வண்டியைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஊரில் எங்கள் கடற்கரை வாடியில் வள்ளங்களைக் கரையேற்ற ஒரு பழைய உழவு இயந்திரம் வைத்திருந்தோம். இழுக்க மாட்டேன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மாரிகாலத்தில் மணல்மேட்டில் பாதி ஏறியபின் பிரேக் பிடிக்காமல் பின்னுக்கு வந்தது. வள்ளத்துக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த என் அண்ணையின் முழங்கால் நசுங்கிப்போனது. அவர் இன்றும் தடியூன்றித்தான் நடக்கிறார். அதனால் நான் வண்டி பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைத் திறப்பதில்லை. கீழே படுத்து, கொக்கி மாட்டும் இடத்தில் சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பிறகு சரிவில் நிறுத்தி, பிரேக் பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பேன். இழுக்க எல்லா வண்டியாலும் முடியும். பாரத்தோடு நிற்கத்தான் சிலதால் முடியாது.

முதலில் பொள்ளாச்சியில் ஒருவரிடம் ஜீப் பார்க்கத் தனியாகப் போனேன். நல்ல ஜீப். "எதுக்குங்க வண்டி?" என்று கேட்டார். "வள்ளம் இழுக்கத்தான் அண்ணை" என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "நீங்க சிலோனுங்களா?" என்றார். ஓம் என்றேன். "அப்படீங்களா. பாக்கலாமுங்க. மோர் குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். மோர் வந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஜீப் நமக்குத்தான் என்று பாயிடம் பெருமையாகச் சொன்னேன். நடந்ததை வரிவரியாகக் கேட்டுவிட்டுப் பாய் சொன்னார்: "பாக்கலாமுங்கன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம் தம்பி." சிலோன்காரன் ஒருவன் படகு இழுக்க வண்டி தேடுகிறான் என்பது மற்றவர் காதில் ஆயுதக் கடத்தலாகத்தான் விழும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே ஏசுவார்கள். இந்த மரியாதையான மறுப்பு மோரோடு இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகுதான் எரிந்தது.

அடுத்த முறை பாய் கூடவே வந்தார். "நீ வாயத் தொறக்காதே. வண்டி சரின்னா என் தோளைத் தொடு, போதும்" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனாலும் வலித்தது. ஆனைமலை போகும் வழியில், தோட்டத்து வீட்டில் பழனிசாமி என்பவர் தேங்காய் ஏற்றிய சின்ன லொறி ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். பிறகு சரிவில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். லொறி அசையாமல் நின்றது. பழனிசாமி என்னிடம் என்னவோ கேட்டார், சிரித்தேன். மறுபடி கேட்டார், மறுபடி சிரித்தேன். அவர் பாயிடம் திரும்பி, "ஏனுங்க, தம்பிக்குப் பேச்சு வராதுங்களா?" என்றார். பாய் ஐந்து வேளை தொழுகிறவர், வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாதவர். என்னை ஒரு கணம் பார்த்தார். "ஆமாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவே இல்லை.

பழனிசாமி என் பக்கத்தில் குந்தினார். என் கையைப் பிடித்துப் பின்சட்டத்தின் உட்பக்கத்தில் ஓர் இடத்தில் வைத்தார். காது கேளாதவனிடம் பேசுவதுபோல் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இங்க ஒரு வெடிப்பு உட்டுதுங்க தம்பி. வெல்டு வெச்சுப் பெயிண்ட் அடிச்சுப்போட்டேன். வேற ஆருக்கும் சொல்லலைங்க. வாயில்லாத சீவனை ஏமாத்துனா நல்லாயிருக்காதுங்க." நான் கொக்கி மாட்ட நினைத்திருந்தது சரியாக அந்த இடத்தில். தடவியும் எனக்குத் தட்டுப்படவில்லை. இன்னொரு மனிதனின் முழங்கால் நசுங்குவது என் கண்முன் வந்து போனது. இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் அடித்தால் சரியாகிவிடும். பாயின் தோளைத் தொட்டேன். பேசுகிற எனக்கு மோர் கொடுத்து அனுப்பிய நாட்டில், பேசாத எனக்கு உண்மை கிடைத்தது. அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்ல முடியாமல் கைகூப்பிவிட்டு லொறியில் ஏறினேன். அழுகை வந்தது.

அந்த வீடு ஆழியாறு அணைக்குப் போகும் எங்கள் வழியில் இருக்கிறது. படகு கொண்டுபோகும் போதெல்லாம் பாய் அங்கே நிறுத்துவார். நிறுத்தாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். இளநீர் வெட்டித் தருவார்கள், பழனிசாமி டயரைத் தட்டிப் பார்த்து வண்டியை நலம் விசாரிப்பார். நான் தலையாட்டுவேன். "சொல்லிரலாமா தம்பி?" என்று திரும்பும் வழியில் பாய் ஒவ்வொரு முறையும் கேட்பார். "பாக்கலாம் பாய்" என்பேன்.

போன மாதம் பழனிசாமியின் மனைவி லொறிக் கதவருகே வந்தார். கையில் ஒரு கறுப்புக் கயிறு. "மாசாணியம்மன்கிட்ட உங்களுக்குப் பேச்சு வரோணும்னு வேண்டியிருக்கறனுங்க கண்ணு. கையக் குடுங்க" என்றார். கட்டிவிட்டு, "வந்துதுன்னா மொதப் பேச்சு எங்கூட்டுல வந்துதான் பேசோணும்" என்றார். பாய் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் கோயிலுக்கு ஓடியிருப்பாரா, கதவைச் சாத்தியிருப்பாரா தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அந்த அக்கா கயிறு கட்டியது ஓர் ஊமையின் கையில். உங்களுக்கு இத்தனையும் எழுதிக்கொண்டிருப்பதும் அதே கைதான்.